பேரூராட்சியை மேகத்தில் ஏற்றுவது எப்படி?

தம்பி, புதிதாகச் செயல் அலுவலராக, அதாவது ஈ.ஓ.வாக, பொறுப்பேற்றிருக்கிறீர்கள். வாழ்த்துகள். நாற்காலியில் துண்டு விரித்து உட்கார்ந்த அன்றைக்கே மேசைக்கு ஒரு கடிதம் வந்திருக்கும்: கிளவுடுக்கு மாற வேண்டும், பக்கத்துப் பேரூராட்சிகளோடு சேர்ந்து பொதுச் சேவையாக நடத்த வேண்டும், எடுத்த நடவடிக்கையை மறு தபாலில் தெரிவிக்க வேண்டும். பதறாதீர்கள். இளநிலை உதவியாளராக உள்ளே நுழைந்து ஈ.ஓ.வாக வெளியே வந்தவன் நான். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோதும் இருந்தேன், கம்ப்யூட்டர் போய் மேகம் வந்தபோதும் இருந்தேன். இரண்டு முறையும் அலுவலகத்தில் எதுவும் மாறிவிடாமல் பார்த்துக்கொண்டோம். அந்த வித்தையைத்தான் எழுதித் தருகிறேன். தங்கச்சிகளுக்கும் இது பொருந்தும்.

முதல் படி: மேகம் எங்கே இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாதீர்கள்

மேகம் என்பது இன்னொருவர் கட்டடத்தில், இன்னொருவர் கரண்ட் பில்லில் ஓடும் கம்ப்யூட்டர். தமிழ்நாடு அரசின் தரவு மையம் சென்னைப் பெருங்குடியில், எல்காட் என்ற அரசு நிறுவனத்தின் கவனிப்பில் இருக்கிறது. மத்திய அரசு தன் மேகத்துக்கு மேகராஜ் என்று ராஜா பேரே வைத்து 2014இல் தொடங்கியது. தேசியத் தகவலியல் மையத்தின் பெரிய கூடங்கள் டெல்லி, புனே, ஐதராபாத், புவனேசுவரத்தில் உள்ளன. எல்லாமே தரையில்தான், ஏ.சி. போட்ட அறையில். இதை விளக்கி மன்றக் கூட்டத்தில் ஒருமுறை பத்து நிமிடம் பேசினேன். முடித்ததும் ஒரு கவுன்சிலர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுக்கு டெண்டர் உண்டா?" இல்லை, மேலிருந்தே தருகிறார்கள் என்றேன். தீர்மானம் விவாதமின்றி ஒருமனதாக நிறைவேறியது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின்போது மாநிலத்தில் 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சி இருந்தன. இந்த 490இல் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சர்வர் வாங்கி, ஆள் வைத்து, யு.பி.எஸ். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பது வீண். எங்கள் அலுவலகத்தில் சர்வரை வைக்க இடமில்லாமல், பூட்டுள்ள ஒரே அறையான சுகாதாரப் பிரிவு ஸ்டோரில் வைத்தோம். பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள். ஒரே மழைக்காலம். திறந்து பார்த்தபோது உள்ளே போர்டெல்லாம் செப்புக்குடம் போலப் பச்சை பூத்திருந்தது. கொசுவுக்கு வாங்கிய புகை மருந்து மிஷினும் அங்கேதான் இருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, வரிக் கணக்கு பெருங்குடியில் இருப்பதே பாதுகாப்பு. திட்டம் நல்ல திட்டம். நல்ல திட்டம் என்பதால்தான் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுகிறது.

இரண்டாம் படி: பங்காளிகளைக் கூட்டுங்கள்

பொதுச் சேவை என்றால் என்ன என்று அதிகாரிகள் படம் போட்டு விளக்குவார்கள். பங்காளிக் கிணறு தெரிந்தவனுக்குப் படம் தேவையில்லை. அண்ணன் தம்பி நாலு பேருக்குப் பொதுவில் ஒரு கிணறு. பத்திரத்தில் 'நாலில் ஒரு பாகம்' என்றிருக்கும். ஆளுக்கொரு நாள் முறை வைத்து மோட்டார் போடுவார்கள். தண்ணீர் இறைக்க நாலு பேரும் வருவார்கள், தூர் வார ஒருவரும் வரமாட்டார். மோட்டார் காயில் எரிந்தால் அன்றைக்கு முறை யாருடையதோ அவன் தலையில்.

எங்கள் வட்டாரத்தில் நாலு பேரூராட்சிக்கு ஒரே வரி மென்பொருள், ஒரே புகார் மையம், நாலுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர் பையன் என்று ஏற்பாடானது. உதவி இயக்குநர் அலுவலகத்தில் நாலு ஈ.ஓ.க்களும் கூடினோம். தரவு யார் பொறுப்பு, நகல் எங்கே வைப்பது, இணைப்பு நின்றால் யாரைக் கூப்பிடுவது என்று மூன்று விஷயங்கள் நிகழ்ச்சி நிரலில் இருந்தன. நாலாவதாக, ரசீதின் நிறம். காலை பதினொரு மணிக்கு நாலாவதில் தொடங்கினோம். எங்கள் ஊரில் வெகுகாலமாக ரோஸ் கலர், பக்கத்து ஊரில் பச்சை. பச்சைக்கும் ஓர் அரசியல் உண்டு என்று மூன்றாவது ஊர் சொன்னது. பிற்பகலில், ஊர்ப் பெயர்ப் பட்டியலில் யார் பெயர் முதலில் வருவது என்ற கேள்வி எழுந்தது. அகர வரிசை என்றால் 'அ'வில் தொடங்கும் ஊர் எப்போதும் மேலே நிற்கும், வசூலில் அது கடைசி. மக்கள்தொகை வரிசை என்றால் எங்கள் ஊர் மேலே. டீ வந்தது, பஜ்ஜி வந்தது. மற்ற மூன்று விஷயங்களும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டன. அந்த அடுத்த கூட்டம் நடப்பதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

இதில் நீங்கள் கற்க வேண்டியது: பொறுப்பு அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொன்னால், ஊருக்கு ஒருவராக நாலு பேரை நியமியுங்கள். ஒருவர் இருந்தால் கேள்வி கேட்பார்கள். நாலு பேர் இருந்தால் ஆளுக்கொரு விளக்கக் கடிதம் வரும், கோப்பு தடிமனாகும், தடித்த கோப்பை யாரும் பிரிக்கமாட்டார்கள்.

மூன்றாம் படி: பழைய கணக்கை அப்படியே ஏற்றுங்கள்

இதுதான் உயிர்நாடி, நிதானமாகப் படியுங்கள். மேகத்துக்குப் போகும் முன் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். காலக்கெடு மார்ச் 31. சரிபார்ப்பது பிறகு.

எங்கள் கேட்புப் பதிவேட்டில் கீழத்தெரு என்று ஒரு தெரு உண்டு. ஒரு காலத்து எழுத்தர் 'கீழ தெரு' என்று பிரித்து எழுதினார். அடுத்தவர் 'கிழக்குத் தெரு' என்று திருத்தினார். மூன்றாமவர் இங்கிலீஷ் படித்தவர், 'ஈஸ்ட் ஸ்ட்ரீட்' என்றார். காகிதத்தில் இது தொல்லையே இல்லை. பில் கலெக்டருக்கு எல்லாம் ஒரே தெரு, கண்ணை மூடிக்கொண்டு நடப்பார். மேகத்தில் ஏறியதும் அது நாலு தெருவானது. ஒரே வீட்டுக்கு இரண்டு தெருவில் வரி விழுந்தது. சாலை மேம்பாட்டு நிதி கேட்டு அனுப்பிய பட்டியலில் எங்கள் ஊரின் தெரு நீளம் திடீரென்று கூடியது. இதற்காகத் தலைவர் என்னை மனதாரப் பாராட்டினார்.

எழுத்துரு விஷயம் தனி. அரசு அலுவலகங்களில் பல வருடம் வானவில் எழுத்துருவில்தான் தட்டினோம். 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது இனி யூனிகோடு என்று அரசு முடிவு செய்தது. முடிவு கோவையில் எடுத்தார்கள், எங்கள் கம்ப்யூட்டர் வரை அது வந்து சேர ரொம்ப நாளாயிற்று. இடைப்பட்ட காலத்தில் தட்டிய பெயரெல்லாம் மேகத்தில் ஏறியபோது இங்கிலீஷ் எழுத்தும் புரியாத குறிகளுமாக நின்றன. மளிகைக் கடைக்காரர் ஒருவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது என் பேரா, மோட்டார் நம்பரா?" என்றார். "தொகை சரியா இருக்கா பாருங்க" என்றேன். இருந்தது. தொகை மட்டும் எந்த எழுத்துருவிலும் சிதையாது.

அப்புறம் கைபேசி எண். ஒவ்வொரு வரி விதிப்பு எண்ணுக்கும் ஒரு கைபேசி எண் இல்லாமல் மென்பொருள் அடுத்த கட்டத்துக்கு நகராது. நம் பதிவேட்டிலோ பாதி வீடு இறந்துபோன தாத்தாக்களின் பெயரில் இருக்கிறது. தாத்தாவுக்கு ஏது செல்போன்? காலக்கெடுவுக்கு முந்தைய இரவு, ஒப்பந்தத்தில் தட்டச்சு செய்த பையன் ஒரு வழி கண்டுபிடித்தான்: எண் இல்லாத இடத்திலெல்லாம் எங்கள் பில் கலெக்டரின் எண்ணைப் போட்டுவிட்டான். ஆயிரத்துச் சொச்சம் வீடுகள். மறுநாள் காலை கேட்பு அறிவிப்பு ஒரே சமயத்தில் போனது. அவர் கீழத்தெருவில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு நின்றார்; சட்டைப்பை துடித்துக்கொண்டே இருந்தது. முதலில் மாரடைப்பு என்று நினைத்தாராம். பிறகு எடுத்துப் பார்த்தால், ஊரில் பாதி வீட்டுக்கு வரி பாக்கிதாரர் அவரே.

இப்போது அவரும் ஓய்வு பெற்று, திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். இன்றைக்கும் எங்கள் ஊரில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தால் ஓ.டி.பி. திருப்பூருக்குத்தான் போகிறது. அலுவலகத்திலிருந்து போன் செய்து, "அண்ணே, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்பார்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை அவர் தூங்குவார். அந்த நேரத்தில் ஓ.டி.பி. கிடைக்காது என்று கவுண்டரில் அட்டையே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாலாம் படி: உங்கள் வழக்கத்துக்கு அதை வளையுங்கள்

எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி மென்பொருள் வந்தால், நம் ஊர் வழக்கம் என்னாவது? எங்களுக்கு இரண்டு கலம் அதிகம் வேண்டும், குறிப்புரை என்று ஒரு பத்தி வேண்டும் என்று விடாமல் கேளுங்கள். இதற்கு உலகத் தரத்தில் முன்னுதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் பர்மிங்காம் மாநகராட்சி, 1999 முதல் ஓடிய சாப் மென்பொருளைக் கைவிட்டு 2022 ஏப்ரலில் ஆரக்கிளின் மேகத்துக்கு மாறியது. தொடக்கத்தில் போட்ட மதிப்பீடு 2 கோடி பவுண்டுக்குள். மென்பொருள் எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்று, நம் வழக்கத்தை மாற்றிக்கொள்வோம் என்பதுதான் அவர்கள் முதலில் எடுத்த முடிவு. நல்ல முடிவு, நிலைக்கவில்லை. எங்கள் வழக்கம் வேறு என்று ஆளாளுக்கு வளைக்க ஆரம்பித்தார்கள். வங்கி வரவையும் கணக்கையும் சரிகட்டும் பகுதியை வளைத்ததில் அது படுத்தேவிட்டது. எந்தப் பணம் எந்தத் தலைப்பில் வந்தது என்று ஆள் வைத்துக் கையால் பிரித்தார்கள். செலவு 10 கோடி பவுண்டைத் தாண்டியது. 2023 செப்டம்பரில் அந்த மாநகராட்சி இனிப் புதிய செலவுக்குக் காசில்லை என்று சட்டப்படி கைவிரித்தது. சம ஊதிய வழக்குகளின் பாக்கிதான் அதற்குப் பெரிய காரணம் என்றாலும், மேகமும் தன் பங்குக்குக் குடத்தைக் கவிழ்த்தது.

நாம் சின்ன ஊர். நம்மால் அந்த அளவுக்கு முடியாது. ஆனாலும் வங்கிச் சரிகட்டுப் பட்டியல் போடாமல் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறோம், மேகமே இல்லாமல்.

ஐந்தாவது: கடவுச்சொல்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஈ.ஓ.வுக்கு ஒரு கடவுச்சொல், இளநிலை உதவியாளருக்கு ஒன்று, கணக்கருக்கு ஒன்று. ஒருவர் பதிய, ஒருவர் சரிபார்க்க, ஒருவர் ஒப்பளிக்க என்று மூன்று படி வைத்திருப்பார்கள். மூன்றையும் கம்ப்யூட்டர் பையனிடம் கொடுத்துவிடுங்கள். அவனே பதிந்து, அவனே சரிபார்த்து, அவனே உங்கள் பெயரில் ஒப்பளிப்பான். கோப்புகள் பறக்கும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனை மட்டும் நீங்களே பத்திரமாக பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சாவியைப் பையனிடம் கொடுங்கள்.

அடுத்தது: அச்செடுங்கள், எல்லாவற்றையும்

மேகத்தில் உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் அச்செடுத்து, துளையிட்டு, டேக் போட்டுக் கட்டுங்கள். சிரிப்பவர்களுக்குச் சொல்ல இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசின் தரவு மையம் ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 26 அன்று அங்கே லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது தீப்பிடித்தது. 709 அரசு அமைப்புகள் நின்றுபோயின. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைக்கும் 'ஜி டிரைவ்' என்ற பொது இடம் முழுக்க எரிந்தது, 858 டெராபைட். நகல்? அளவு ரொம்பப் பெரியது என்று வெளியே நகல் எடுத்து வைக்கவே இல்லை. கோப்பையெல்லாம் அங்கேதான் வைக்க வேண்டும் என்று தன் ஊழியர்களுக்கு உத்தரவே போட்டிருந்த ஓர் அமைச்சகம்தான் அதிகம் அடிபட்டது.

இந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் பழைய பதிவறை எழுத்தருக்குப் போன் செய்தேன். அவர் காலத்தில் கரையான் தின்றது போக மிச்சம் பதினோரு பதிவேடு காப்பாற்றியவர். "கொரியாக்காரனுக்கு நம்ம ரெக்கார்டு ரூமைக் காட்டியிருக்கணும் சார்" என்றார். காட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. நகலை வேறு ஊரில் வைக்கிறார்களா, கடைசியாக எப்போது அதைத் திறந்து பார்த்தார்கள் என்று நம் மேகத்துக்காரர்களிடம் நீங்கள் கேட்டுப் பார்க்கலாம். நான் ஒருமுறை கேட்டேன். 'கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. நகலைப் பரிசீலிக்கிறார்களா, என்னைப் பரிசீலிக்கிறார்களா என்று தெரியாமல் அதோடு விட்டேன்.

கவுண்டர்

அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2011இல் மேகத்துக்கு ஐந்து லட்சணம் எழுதிவைத்தது. அதில் ஒன்று, தேவைக்குத் தகுந்தாற்போலப் பெருகிச் சுருங்குவது. கூட்டம் வந்தால் தானே அகலும், போனால் தானே சுருங்கும். இது வாய்த்தால் நமக்குத்தான் முதலில் வாய்க்க வேண்டும். சொத்து வரியை அரையாண்டு பிறந்த முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. அதனால் ஏப்ரல் 30 அன்று ஊரே வரும், அக்டோபர் கடைசியிலும் வரும். மற்ற மாதங்களில் கவுண்டரில் ஈ ஓட்டலாம். இதற்கென்றே செய்த மாதிரி இல்லையா மேகம்?

அப்படி ஓர் ஏப்ரல் 30. மணி பன்னிரண்டு. திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வரிசையில் முதலில் ஒரு கிழவி, முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டை எண்ணி வைத்துவிட்டார். மூன்று ஐநூறு, ஒரு நூறு, கொஞ்சம் சில்லறை. "என்ன தம்பி சுத்துது?" சர்வர் டவுன் பாட்டி. "அப்ப கையால எழுதிக் குடு." கையால் எழுதக் கூடாது என்று ஆணை. "பணத்தை வாங்கிக்கோ, ரசீது அப்புறம் வாங்கிக்கறேன்." ரசீது இல்லாமல் பணம் வாங்கக் கூடாது என்று அதைவிடப் பழைய ஆணை. பாட்டி நோட்டைத் திரும்ப எண்ணி முடிச்சுப் போட்டார். அவருக்கு அந்த ஐந்து சதவீதம் எண்பது ரூபாய்ச் சொச்சம். வந்து போன ஆட்டோவுக்கு அறுபது.

பெருங்குடியை மனதுக்குள் திட்டினேன். தப்பு. பெருங்குடியில் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, பஸ் ஸ்டாண்டு முனையில் ஜே.சி.பி. ஒன்று ஃபைபர் கேபிளை வாரி வெளியே போட்டிருக்கிறது என்று. போய்ப் பார்த்தேன். மண்மேட்டில் ஆரஞ்சு நிறக் குழாய் குடல் மாதிரி கிடந்தது. டிரைவர் நிழலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "யாருய்யா தோண்டச் சொன்னது?" என்றேன். கை கழுவிவிட்டு வந்து வண்டிக்குள்ளிருந்து வேலை உத்தரவை எடுத்துக் காட்டினார். மழைநீர் வடிகால் பணி. கீழே முத்திரையோடு என் கையெழுத்து.

ஒப்பந்தக்காரருக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பினேன். கேபிள் போகும் பாதை வேலை உத்தரவில் காட்டப்படவில்லை என்று பதில் எழுதினார். கேபிள் பாதை வரைபடம் எங்கே என்று தேடினோம். மேகத்தில் இருந்தது.

கடைசியாக, தணிக்கை

இதற்கு மட்டும் என்னிடம் வழி இல்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சர்வர் வாங்கினால் இருப்புப் பதிவேட்டில் ஏறும். எண் விழும், பெயின்டால் எழுதலாம், தணிக்கைக்கு வருபவர் தொட்டுப் பார்க்கலாம், பழுதானால் கழித்து ஏலம் விடலாம். மேகத்துக்குக் கட்டுவது வாடகை. பணம் போகும், பொருள் வராது. எங்கள் தணிக்கையர் நேர்மையானவர், காலையில் வந்து மாலைவரை ஃபேன்கூடப் போடச் சொல்லாதவர். பங்குத் தொகை கட்டிய ரசீதைப் பார்த்தார், இருப்புப் பதிவேட்டைப் புரட்டினார். "பொருள் எந்தப் பக்கத்தில் ஏறியிருக்கு?" என்றார். அது மேகம் சார் என்றேன். "இருக்கட்டும். எந்தப் பக்கம்?"

தணிக்கைத் தடை விழுந்தது. நாலு ஊருக்கும் சேர்த்துக் கட்டிய தொகையில் எங்கள் நாலில் ஒரு பாகம் எந்த விகிதத்தில் வந்தது என்று துணைக் கேள்வி வேறு. அதற்கான கூட்டம்தான் ஒத்திவைக்கப்பட்டிருந்ததே. தடை நீங்கினால்தான் என் ஓய்வூதியக் கோப்பு நகரும் என்றார்கள். ஓர் இரவு யோசித்து, இருப்புப் பதிவேட்டில் குப்பை அள்ளும் தள்ளுவண்டிகளுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்.

பொறுப்பு ஒப்படைத்த அன்று, எனக்குப் பின் வந்தவர் பட்டியலை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்தார். மர பீரோ 4. இரும்பு பீரோ 2. சாவிக் கொத்து 3. புகை மருந்து மிஷின் 1, ஓடும் நிலையில். தள்ளுவண்டி 11, அதில் 5 சக்கரம் இல்லாதவை. மேகம் 1. அங்கே விரல் நின்றது. என்னை ஒருமுறை பார்த்தார், ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அந்த வரிக்கு எதிரே 'நேரில் பார்வையிடப்படவில்லை' என்று எழுதி, கீழே பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டார்.